இரைச்சல் என் காதுல இல்லீங்க

வாங்க அம்மணி, உள்ள வாங்க. எத்தன நேரமா நிக்கறீங்க? பெல் அடிச்சீங்களா? அந்த பெல் அப்படித்தானுங்க, சத்தமே வராது. மட்டமான பெல். மாத்தோணும், மாத்தோணும்னு தள்ளிட்டே போகுது. உக்காருங்க. அதுல வேண்டாம், அது நான் பாட்டு கேக்கற நாற்காலி. நகத்தீட்டா மறுபடியும் சரியான எடத்துல போடறது பெரும்பாடு. இந்தப் பக்கம் உக்காருங்க.

மேல் வீட்டுக்குப் புதுசா குடி வந்தவங்கதானே? லிஃப்ட்ல பாத்தேன், கைக்கொழந்தையோட நின்னீங்க. சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்லவே வேண்டாம், மொகத்தப் பாத்தாலே தெரியுது. பாட்டுச் சத்தம் எச்சா இருக்கு, கொழந்தை தூங்க மாட்டேங்குது. அதானே? பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லிட்டுப் போனாரு. இந்தா, கொறைச்சாச்சு. இதுக்குங் கீழ போனா அது பாட்டா இருக்காது, யாரோ பக்கத்துத் தெருவுல முணுமுணுக்கற மாதிரி இருக்கும். கொழந்தை தூங்கற நேரத்தச் சொல்லீட்டுப் போங்க, அந்த நேரத்துக்கு நிறுத்தி வெக்கறேன். ஆனா இதுக்கு மேல சத்தத்தக் கொறைக்கறது முடியாதுங்க. ஏன் முடியாதுன்னு கேட்டுட்டுப் போங்க. கேட்ட பொறவு நீங்க அசோசியேஷனுக்குப் போனாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி.

எம் பேரு சுலோச்சனா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. உங்க வயசுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. காதுல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் காதுதான் சோறு போடும். கரகரன்னு ஒரு லைன் வரும், அந்தக் கடைசில யாரு என்ன ஊரு கேக்கறாங்கன்னே புரியாது. மத்த பொண்ணுங்க "சுலோச்சனாக்கா, இத நீங்க கேளுங்க"ன்னு எங்கிட்டத் தள்ளி விடுவாங்க. நான் கேட்டுச் சொல்லுவேன். மழைத்தண்ணி எறங்கின லைன் ஒரு மாதிரி இரையும், கரண்டுக் கம்பிக்குப் பக்கத்துல போற லைன் இன்னொரு மாதிரி இரையும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுவேன். அப்படிப்பட்ட காது இது.

ரிட்டயர் ஆனப்ப எல்லாரும் நகை எடுப்பாங்க. நான் இந்த வீட்டை வாங்குனேன், மிச்சத்துல இந்த செட்டை வாங்குனேன். தட்டு சுத்தற பெட்டி, ஆம்ப்ளிஃபயரு, ரெண்டு ஸ்பீக்கரு. ஊரு பூரா மத்தவங்க பேசறதுக்கு லைன் போட்டுக் குடுத்தவ நான். எனக்குன்னு ஒண்ணு கேக்கோணுமில்ல? எங்க வீட்டுக்காரரு இருக்கற வரைக்கும் டிவி நியூஸ்தான். அவரு போன பொறவு இது மட்டுந்தான். நாதசுரத் தட்டு நெறைய இருக்கு. தோடி ராகத்துல வாசிக்கற ஆளு மூச்சு எடுக்கற சத்தம் கேக்கும் பாருங்க, அந்த மூச்சுக்காகவே கேப்பேன்.

அந்த மூச்சுதானுங்க போச்சு.

எம் மகன் சசிதரன் பெங்களூர்ல இருக்கான். நல்ல பையன். அவன நான் ஒண்ணுங் கொற சொல்ல மாட்டேன். போன கோடைக்கு முன்ன, "அம்மா, கரண்டு போனா நீ வேர்வையில உக்காந்திருப்ப"ன்னு ஒரு இன்வெர்ட்டர் வாங்கியாந்து வெச்சான். எங்க வெச்சான்? அங்க, செட்டுக்குப் பின்னாடி. அங்கதான் பிளக் பாயிண்ட் இருக்குதாம். நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். மொதத் தடவ கரண்டு போயிட்டு வந்துச்சு. தோடியப் போட்டேன். மூச்சு எடுக்கற எடம் வந்துச்சு. மூச்சக் காணோம். அதுக்குப் பதிலா ஊசிப்போன வடைய ஈ மொய்க்கற மாதிரி ஒரு ர்ர்ர்ங். தட்டை நிறுத்துனாலும் ர்ர்ர்ங். சத்தத்த ஏத்துனா அதுவும் கூடவே ஏறுது.

சசிக்கு போன் பண்ணேன். "இன்வெர்ட்டர் இரையுதுடா"ன்னேன். "புது இன்வெர்ட்டரும்மா, அதெல்லாம் இரையாது"ன்னான். அடுத்த மாசம் வந்தப்ப போட்டுக் காட்டுனேன். அன்னிக்குன்னு சத்தமே இல்ல. போனைப் பாத்துட்டே நின்னான். "எனக்கு ஒண்ணுங் கேக்கலியேம்மா"ன்னான். எனக்கு அப்பத் தெரியல, பொறவுதான் கண்டுபிடிச்சேன். கரண்டு போயிட்டு வந்தா, எறங்கின பேட்டரிய அது ஏத்தும். ஏத்தறப்பத்தான் இரையும். பேட்டரி நெறைஞ்சுட்டா சும்மா கெடக்கும். அவன் வந்த வாரம் கரண்டே போகல. நம்ம கரண்டு ஆபீசு அந்த ஒரு வாரத்துக்குன்னு பாத்து ஒழுங்கா இருந்துச்சு.

அவ்வளவுதான், அவம் மனசுல ஒண்ணு விழுந்துருச்சு. "அம்மா, ஒருக்கா காது டாக்டரப் பாத்துட்டு வந்தரலாம்."

"எதுக்குடா?"

"சும்மா ஒரு செக்கப்."

போனேன். மகன் கூப்படறான், போகாம இருக்க முடியுமா? அங்க ஒரு கண்ணாடி ரூம். சின்னப் பொண்ணு ஒண்ணு, ஹெட்போனை எப்படி மாட்டறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றா! எனக்கு! "சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அமுக்குங்க பாட்டி"ன்னா. பாட்டியாம். சரின்னு உக்காந்தேன். மொதல்ல ரெண்டு மூணு சத்தம் வெச்சா, அமுக்குனேன். அப்பறம் அவ சத்தமே வெக்கலீங்க. வெச்சாத்தானே அமுக்கறதுக்கு? கண்ணாடி வழியா என்னையே பாத்துட்டிருக்கா. பாவம், வேலைக்குப் புதுசு, எதையோ போட மறந்துட்டாளாட்ட இருக்குன்னு நானும் பொறுத்துட்டு உக்காந்திருந்தேன். கடைசில டாக்டர்கிட்ட ஒரு படத்தக் குடுத்தா. கோடு மலையில இருந்து எறங்கற மாதிரி கீழ போகுது. "வயசானா மேல் சுருதியெல்லாம் கேக்காதும்மா, மெஷின் வெச்சுக்கோணும்"னாரு டாக்டரு. "இரைச்சல் கேக்குதுன்னு சொல்றீங்களே, அது வெளிய இல்லாத சத்தம். சில பேருக்குக் காதே அப்படி ஒரு சத்தத்த உண்டாக்கும். பயப்பட வேண்டியதில்ல."

நான் பயப்படலீங்க. கோவப்பட்டேன். அந்தப் பொண்ணு செஞ்ச தப்புக்கு எங் காதக் கொற சொல்றாங்க. டாக்டர்கிட்டச் சொன்னா அவளுக்கு வேலை போயிரும்னு வாய மூடிட்டு வந்தேன்.

கார்ல வர்றப்ப சசி மெதுவா ஆரம்பிச்சான். என்னமோ சொன்னான், கார் சத்தத்துல சரியா விழல. "என்ன?"ன்னேன். மறுபடி சொன்னான். "எங்களோட வந்துரும்மா. இந்த வீட்டைக் குடுத்தரலாம். தனியா இருக்கற நெலம தாண்டிப் போச்சு."

"எந்த நெலம?"

"இல்லாத சத்தம் கேக்குது. இருக்கற சத்தம் கேக்கல."

பாத்தீங்களா, எப்படிப் பேசறான்னு? வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். அன்னிக்கு நான் முடிவு பண்ணேன். அந்த இரைச்சல் இருக்குன்னு இவன் வாயால சொல்ல வெக்காம விடறதில்ல.

மறுநாள்ல இருந்து இதே வேலை. கரண்டு போயிட்டு வந்த ஒடனே செட்டுக்குப் பின்னாடி போயி உக்காந்துக்குவேன். தட்டு சுத்தற பெட்டியில இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு மெல்லிசான ஒயரு வருது. அதும் பக்கத்துலயே ஒட்டிட்டு இன்வெர்ட்டரோட ஒயரும் போகுது. மெல்லிச ஒயரைக் கையில எடுத்து தூரமாப் புடிச்சா இரைச்சல் எறங்குது. கிட்டக் கொண்டு போனா ஏறுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இது எனக்குத் தெரிஞ்ச சங்கதியாச்சே! டெலிபோன் லைன் கரண்டுக் கம்பிக்குப் பக்கத்துல போனா இதேதான். அதுக்காகத்தான் எங்க எக்ஸ்சேஞ்சு கேபிளுக்கு மேல ஈயத்துல சட்டை போட்டிருப்பாங்க. வெளிய இருக்கற கரண்டு உள்ள வராது, உள்ள இருக்கறது வெளிய போகாது. இந்த இன்வெர்ட்டர் ஒயருக்கும் சட்டை இல்ல, ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டு போற ஒயருக்கும் சட்டை இல்ல. அம்மணமா ரெண்டும் அந்த மெல்லிச ஒயருக்குப் பக்கத்துலயே கெடந்தா இரையாம என்ன பண்ணும்?

எலெக்ட்ரீஷியன் ஜெயபாலைக் கூப்பிட்டுக் காட்டி, சட்டை போட்ட கேபிளு மாட்டோணும்னேன். அவன் ரெண்டையும் பாத்துட்டு, "இதுக்கு எதுக்குங்கம்மா கேபிளு? இன்வெர்ட்டரத் தூக்கி பால்கனியில வெச்சுட்டா முடிஞ்சுது"ன்னான்.

நாயமான பேச்சுதான். ஆனா பால்கனியில வெச்சுட்டா? சத்தம் நின்னு போகும். நின்னு போனா, அது இருந்துச்சுன்னு யாரு ஒத்துக்குவா? "பாத்தியாம்மா, தானா சரியாயிருச்சு"ன்னு சொல்லுவான் சசி. வேண்டாம். இன்வெர்ட்டர் அங்கயேதான் இருக்கோணும். பழைய ஒயரை மாட்டுனா இரைச்சல், சட்டை போட்ட ஒயரை மாட்டுனா இல்ல. அப்படி வேணும் எனக்கு. கோர்ட்டுல காட்டற மாதிரி.

கேபிளுக்கு அலைஞ்சேன் பாருங்க, அது ஒரு கூத்து. ஸ்பீக்கரெல்லாம் விக்கற பெரிய ஷோரூம் ஒண்ணுக்குப் போனேன். சோபாவுல உக்கார வெச்சு காப்பி குடுத்தாங்க. ஷோரூம்காரரு வெல்வெட் பையில இருந்து ஒரு கேபிளை எடுத்தாரு, மலைப்பாம்பு கணக்கா இருக்குது. "இத மாட்டுனீங்கன்னா மேடம், பாட்டு அப்படியே மலரும்"னாரு. "மலர்றது இருக்கட்டும். உள்ள சட்டை இருக்குதா? செம்புக் கம்பில வலை பின்னி இருக்கோணும். அந்த வலைய எர்த்ல சேத்திருக்கீங்களா?"ன்னேன். உள்ள போயி யாருகிட்டயோ கேட்டுட்டு வந்து, "அதெல்லாம் கம்பெனியே பாத்திருப்பாங்க மேடம்"னாரு. வெலையச் சொன்னாரு. காப்பிக்கு நன்றி சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பொறவுதான் யோசிச்சேன். நம்மூரு கோயமுத்தூரு. தெருவுக்குத் தெரு மில்லு, பம்பு செட்டுப் பட்டறை. அங்கயெல்லாம் மோட்டார் ஓட்டற பெட்டி இரையாதா? அந்த இரைச்சல் மத்த மெஷினுக்குத் தாவாம இருக்க அவுங்க என்ன பண்ணுவாங்க? பட்டறைக்குச் சாமான் விக்கற கடைக்குப் போனேன். "ஷீல்டட் கேபிளு, மூணு கம்பி, மேல செம்பு வலை"ன்னேன். கடைக்காரரு ஏற எறங்கப் பாத்தாரு.

"எந்த மில்லுங்க நீங்க?"

"மில்லு இல்லீங்க. என் வீட்டு முன் ரூமு."

"முன் ரூம்ல என்ன ஓட்டறீங்க?"

"தோடி"ன்னேன். அவருக்கு வெளங்கல. ஆனா மீட்டர் கணக்குல வெட்டிக் குடுத்துட்டாரு. பாக்கறதுக்குச் சாம்பல் கலர்ல, அழகே இல்லாத கேபிளு. வெல்வெட் பையெல்லாம் இல்ல, பழைய பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. ஜெயபால் வந்து ரெண்டு ஒயரும் பண்ணிக் குடுத்தான், இன்வெர்ட்டருக்கு ஒண்ணு, ஆம்ப்ளிஃபயருக்கு ஒண்ணு. வலைய எர்த்ல சேத்து, சேந்துதான்னு மீட்டர் வெச்சும் பாத்தான். மாட்டிப் பாத்தேன். மூச்சு வந்துருச்சுங்க அம்மணி. அந்த ஆளு தோடிக்கு நடுவுல மூச்சு எடுத்தாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஜெயபால் காதப் பொத்திட்டு நின்னான், அவனுக்கு நாதசுரம் ஆகாதாம்.

கழட்டிட்டுப் பழைய ஒயரையே மாட்டி வெச்சேன். சசி வரட்டும்னு.

வந்தான். பொண்டாட்டி மேகலாவோட வந்தான். கூடவே திருப்பூர்க்காரர் ஒருத்தரும் வர்றாரு, வெள்ளை வேட்டி, கையில கார் சாவி. "அம்மா, இவுங்க சும்மா வீட்டைப் பாத்துட்டுப் போகட்டும்"னான். சும்மா பாக்கறதுக்கு எதுக்குடா சமையக்கட்டுச் செவுத்தத் தட்டிப் பாக்கறாரு? என்னக் கேக்காம என் வீட்டுக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டான். ஆனா நான் கோவத்தக் காட்டிக்கல.

"உக்காருங்க"ன்னேன். திருப்பூர்க்காரரையுஞ் சேத்துத்தான். மெயின் சுவிட்சை அணைச்சேன். "கரண்டு போயிருச்சா?"ன்னான் சசி. "நாந்தான் அணைச்சேன். பேசாம உக்காரு." ஃபேன் இன்வெர்ட்டர்ல ஓடுச்சு. எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன், பலகாரம் வெச்சேன், ஊர்க்கதையெல்லாம் பேசுனேன். பேட்டரி எறங்கோணுமில்ல? அப்பறம் மெயினைப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, தட்டு எதுவும் வெக்காம, சத்தத்த மட்டும் ஏத்துனேன்.

ர்ர்ர்ங்.

மேகலாதான் மொதல்ல சொன்னா. "என்னங்க, இரையுது. டியூப்லைட் சாகறதுக்கு முன்ன இரையுமே, அது மாதிரி."

"அந்தா, கேளு"ன்னேன் சசியப் பாத்து.

திருப்பூர்க்காரரு ஸ்பீக்கர்கிட்டயே காதக் கொண்டு போயிட்டாரு. "ஆமாங்க தம்பி, நல்லாவே கேக்குதே. எங்க கம்பெனியில தையல் மிசினு ஓடறப்ப ரேடியோவுல இப்படித்தான் வரும்"னாரு. நல்ல மனுசன். வீடு வாங்க வந்தாலும் நல்ல மனுசன்.

எல்லாத்தையும் அணைச்சுட்டு நானே குனிஞ்சு பழைய ஒயரைக் கழட்டி, சாம்பக் கலர் ஒயரை மாட்டுனேன். சசி ஒதவிக்கு வந்தான். "தொடாத"ன்னேன். மறுபடி போட்டேன். அதே சத்தத்துக்குத் திருப்பி வெச்சேன்.

ஒண்ணுமே இல்ல. ஃபேன் சத்தம் மட்டுந்தான். சசி எந்திரிச்சு வந்து ஸ்பீக்கரைத் தொட்டுப் பாத்தான், ஓடுதா இல்லியான்னு. தோடியப் போட்டேன். ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டான்.

"சொல்லு"ன்னேன். "இரைச்சல் எங்க இருந்துச்சு? எங் காதுலயா, கரண்டுலயா?"

"கரண்டுலதாம்மா."

"சத்தமாச் சொல்லு."

"கரண்டுலதாம்மா!"

அத அவன் சொன்ன பொறவுதான் திருப்பூர்க்காரர் பக்கம் திரும்புனேன். "வீடு விக்கறதுக்கில்லீங்க. எம் பேர்ல இருக்கற வீடு. நீங்க இன்னொரு காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னேன். அவரு கோவிச்சுக்கல. அந்தக் கேபிளு எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு.

அவரு போன பொறவு சசி கீழ உக்காந்துட்டான், தரையில, எங்கிட்ட. "நீ சொன்னது நெசந்தாம்மா. நாந்தான் நம்பல. மன்னிச்சுக்க. ஆனா இன்னிக்கு நாங்க வந்து எத்தன தரம் பெல் அடிச்சோம்னு தெரியுமா? கடைசில மேகலா போன் பண்ணி, நீ அதையும் எடுக்காம, காப்பித் தூளு வாங்கப் போறதுக்கு நீயா கதவத் தொறந்த."

"பெல் சரியில்லடா."

"ஆடி மாசம் ஒரு நாள் காலையில இருந்து போன் பண்ணிட்டே இருந்தேன். நீ எடுக்கல. பெங்களூர்ல இருந்து வண்டிய ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு என்னென்ன தோணுச்சுன்னு உனக்குத் தெரியாது. கதவ ஒடைக்கறதுக்கு வாச்மேனக் கூட்டிட்டு வந்து நின்னா, உள்ள இருந்து நாதசுரம் கேக்குது. படியெல்லாம் அதிருது. அந்தப் படியிலயே உக்காந்து அழுதேம்மா."

அழுதானாம். எதுக்குன்னு கேளுங்க. அம்மா நல்லா உக்காந்து பாட்டு கேட்டுட்டிருக்கா, அதுக்குப் போயி ஒருத்தன் அழுவானா? பாட்டு கேக்கறப்ப நான் போன் எடுக்க மாட்டேன், அவ்வளவுதான். அந்த இரைச்சலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுல தோத்தவன் இன்னொண்ண இழுத்துட்டு வர்றான். நான் அப்படியே சொல்லிட்டேன். அவன் என்ற கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தான்.

காதுக்கு வெக்கற மெஷினும் வாங்கிட்டு வந்திருந்தான் போல. அலமாரியில வெச்சுட்டுப் போயிருக்கான். இருக்கட்டும். அலமாரிக்கு ஒண்ணும் பாரமில்ல.

அதனாலதாஞ் சொல்றேன் அம்மணி, இந்தச் சத்தம் நான் போராடி வாங்குன சத்தம். இரைச்சல் இல்லாத சத்தம். இதக் கொறைன்னா எப்படிங்க கொறைக்கறது? கொழந்தை தூங்கற நேரத்த மட்டும் சொல்லுங்க, எழுதி ஒட்டி வெச்சுக்கறேன். முழிச்சிருக்கறப்பக் கூட்டிட்டு வாங்க. அதுவும் நல்ல சத்தம் கேட்டு வளரட்டும்.

ஒண்ணு மட்டும் இன்னும் பாக்கி இருக்குதுங்க. அன்னிக்கு அவுங்க கெளம்பறப்ப, சசி பையெல்லாம் எடுத்துட்டு முன்ன எறங்கிட்டான். மேகலா லிஃப்ட்டுகிட்ட நின்னு எங்கையப் புடிச்சா. கையப் புடிச்சுட்டு என்னமோ சொன்னா. கொஞ்ச நேரம் சொன்னா. அந்தப் புள்ள எப்பவும் மெல்லப் பேசறவ, லிஃப்ட்டு வேற கடகடன்னு வருது. எனக்கு ஒண்ணும் விழல. வாயப் பாத்தேன், கண்ணப் பாத்தேன். கண்ணு நெறைஞ்சிருந்துச்சு. என்னமோ கேக்கறா, பதிலுக்கு நிக்கறான்னு மட்டும் தெரிஞ்சுது. "சரி கண்ணு"ன்னு தலையாட்டுனேன். அப்படியே என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அவ என்னக் கட்டிப் புடிச்சது அதுதான் மொதத் தடவ.

இப்ப ஞாயித்துக்கெழமை ஆனா போன் பண்றா. வெக்கறதுக்கு முன்ன, "அத்தை, அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"ங்கறா. "இருக்கு சாமி, மறப்பனா"ங்கறேன். என்னன்னு தெரியாதுங்க. கேக்கவும் மாட்டேன். கேட்டா, அன்னிக்குக் காதுல விழலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அந்தப் பேச்சுக்கே எடங் குடுக்க மாட்டேன்.

ஆனா அம்மணி, அவ என்ன கேட்டிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அதுல மாத்தமில்ல.